பத்தரை மணி என்று சொன்னேன்

மச்சான்,

எனக்குச் சொறி வந்திருக்கிறது. ஊரில் நாலு பேருக்கு வரும் சாதாரணச் சொறி என்று நினைத்துவிடாதே. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் உள்ள அத்தனை புளியமரத்திலும் முதுகைத் தேய்த்தாலும் அடங்காத, பேரரசர்களுக்கு மட்டுமே வரத் தகுந்த சொறி. என் தங்கையின் பேத்தி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தவள், பையில் துணியோடு இதையும் கொண்டுவந்தாள். மூன்றே நாளில் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் பங்கு போட்டுக் கொடுத்தாள்.

திண்டிவனத்தில் ஒரு சின்ன வயசு டாக்டரிடம் போனேன். வெள்ளை மருந்து எழுதிக் கொடுத்தார். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை இடம் விடாமல் பூசி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, மறுநாள் குளிக்க வேண்டும் என்று விரலை நீட்டி விளக்கினார். "எனக்கேவா டாக்டர்? இந்த மருந்துல நான் ஏரியே ரொப்பினவனுங்க. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி இந்த ஜில்லாவுல பாதிப் பேருக்கு இதைப் பூசினது இந்தக் கைதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா பாட்டிலின் மூடியைத் திறந்தாள். அந்த வாசனை உனக்குத் தெரியும். முதலில் லேசாக இனிக்கும், பின்னாலேயே மூக்கின் உள்பக்கத்தைக் கிள்ளும். "கையைத் தூக்கிக்கினு அசையாம நில்லுங்க" என்றாள். நின்றேன். என் முன்னால் நாற்பத்திரண்டு ஆண்கள் லுங்கியோடு வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வரிசையின் முன்பக்கம் வாளியோடு நீ.

நீ போய் ஏழு வாரம் ஆகிறது. இந்த ஏழு வாரத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, மச்சான். கல்லறையில் எல்லாரும் மண் போட்டார்கள், நானும் போட்டேன். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் எத்தனை சிவப்பு, எத்தனை நீலம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. வரவழைக்கவும் முயற்சி செய்தேன்; கொட்டாவி வந்தது. உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, என்னைப் பார்த்து, "அண்ணன் கல்லாட்டம் நிக்கிறாரு பாரு, அவ்ளோ துக்கம்" என்று யாரிடமோ சொன்னாள்.

நாம் வேலை பார்த்த அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அதுவும் உனக்குத் தெரியும். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் செம்மண் பாதை, சவுக்குத் தோப்பு, நடுவில் ஓட்டுக்கூரையும் கம்பி ஜன்னலுமாக அந்த நீளக் கட்டிடம், எல்லாவற்றையும் இடித்துச் சமமாக்கி, கலர் கலராகக் கொடி நட்டு, மனை போட்டு விற்கிறார்கள். மனநோய் ஆஸ்பத்திரி இருந்த இடம் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு தரம் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்தேன். நாம் வார்டு வாசலில் நின்று பேர் கூப்பிடும் இடத்தில் ஓர் எருமை நின்றது. நம் ரெண்டு பேரையும்விடப் பொறுப்பாக நின்றது.

நாம் வார்டு அட்டெண்டர்கள். ஆனால் ஊரில் நான் அப்படிச் சொல்லிக்கொண்டதே கிடையாது. "பெரிய டாக்டரம்மாவுக்கு அடுத்தபடி நான்தான். ஊசி போடுறதா வேணாமான்னு என்கிட்டத்தான் கேப்பாங்க" என்றுதான் சொல்வேன். நீ பக்கத்தில் நின்றால், "ஆமாங்க, மாமா கண்ணை மூடினா அம்மாவுக்கு ஸ்டெதஸ்கோப்பு எந்தப் பக்கம் மாட்டறதுன்னே தெரியாது" என்று எடுத்துக் கொடுப்பாய். நமக்குள் சொந்தம் ஒன்றும் இல்லை. நீ ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஆள், நான் மயிலம் முருகனையே வருஷத்துக்கு ஒருமுறை தூரத்திலிருந்து கும்பிடுகிற ஆள். முதல் நாளே என்னை மாமா என்றாய், என் வீட்டுக்காரியை அக்கா என்றாய். அதற்கு மேல் சொந்தத்தை யாரும் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமைதான் நம் திருவிழா. வருஷத்தில் பாதி நாள் வார்டில் சொறி இருக்கும். ஒருவருக்கு வந்தால் அத்தனை பேருக்கும் பூச வேண்டும் என்பது டாக்டரம்மாவின் சட்டம். பஞ்சால் பூசினால் சாயங்காலம் வரை ஆகும் என்று சுவருக்கு அடிக்கிற பிரஷ் ரெண்டு வாங்கி வந்தவன் நீ. நீ முன்பக்கம், நான் பின்பக்கம். சட்டையில் பட்டால் கறை போகாது என்பதால் அன்றும் மறுநாளும் யாருக்கும் சட்டை கிடையாது, லுங்கி மட்டும். காய்ந்ததும் உடம்பெல்லாம் வெளுத்துக் கிடக்கும். நாம் அதை வைத்தியம் என்று சொன்னதே இல்லை. வெள்ளையடிப்பு என்போம். "யோவ், நல்லா ரெண்டு கோட்டு அடிங்கய்யா, மழை வர்ற மாதிரி இருக்குது" என்பார் பாவாடை. மயிலத்துக்காரர், வார்டின் மூத்த குடிமகன். "உன் செவுத்துல காரை பேந்துகினு இருக்குது, மொதல்ல பூசணும்" என்பாய் நீ. அவர் சிரிக்கிற சிரிப்பில் பூசினது எல்லாம் வழியும்.

அந்த வரிசையில் சிரிக்காதவர் ஒருவர் உண்டு. விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கிடந்தவர் என்று போலீஸ் கொண்டுவந்து விட்ட ஆள். பேர் தெரியாது, ஊர் தெரியாது, வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ரிஜிஸ்டரில் 'பெயர் அறியப்படாத ஆண்' என்று இருந்தது. இவ்வளவு நீளப் பேரை யார் கூப்பிடுவது என்று நான்தான் ஜங்ஷன் என்று வைத்தேன். ஐம்பது வயது இருக்கும். வலது புருவத்தை ரெண்டாகப் பிரிக்கிற தழும்பு. சோற்றை வைத்தால் உண்பார், கையைப் பிடித்தால் நடப்பார், விட்டால் விட்ட இடத்தில் நிற்பார்.

காலை எட்டு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஆறு என்று மூன்று வேளை பேர் கூப்பிட்டு ரிஜிஸ்டரில் டிக் அடிக்க வேண்டும். கூப்பிடுவது நான். மொட்டையாகப் பேரைக் கூப்பிட எனக்கு வராது. ஆளுக்கு ஒரு பட்டம் கட்டினேன். "மயிலம் மலையை ஒத்தைத் தோளில் தூக்கிய மாவீரர் பாவாடை!" என்று முழங்குவேன். "உள்ளேன் ஐயா, இப்பத்தான் எறக்கி வெச்சேன்" என்பார். "ஐந்து திசை ரயிலுக்கும் அதிபதி, பச்சைக்கொடி பறக்க வரும் பார்வேந்தர், ஜங்ஷன் மகாராஜா!" என்பேன். பதில் வராது. முதல் சில நாள் நீ அவர் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாய். பிறகு அவர் பின்னால் நின்றுகொண்டு, மூக்கால் ஒரு மெல்லிய குரல் கொடுத்து, "உள்ளேன் ஐயா" என்றாய். வார்டே சிரித்தது. அவர் திரும்பி உன் வாயைப் பார்த்தார். வந்ததிலிருந்து அவர் ஒன்றைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவருடைய குரல் உன்னிடம்தான் இருந்தது.

"இன்னாத்துக்குடா இந்த மிமிக்ரி?" என்று கேட்டேன். "கூப்ட்டா யாராவது ஏன்னு கேக்கணும் இல்ல மாமா" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோடை. போர்வெல் தண்ணீர் வற்றி, லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். முந்தின நாள்தான் வெள்ளையடிப்பு முடிந்திருந்தது. எல்லாரும் வெள்ளையாக, வெற்று மார்போடு திரிந்தார்கள். ஏழு மணிக்கு டீ கொடுத்தபோது ஜங்ஷன் வாங்கிக் குடித்தார். அது நான் பார்த்தது, சத்தியம். ஏழரைக்கு லாரி உள்ளே வர கேட்டை அகலத் திறந்தார்கள். அது வெளியே போகிற வரை திறந்தே கிடந்தது.

எட்டு மணிக்குப் பேர் கூப்பிட்டேன். நீ பூசை முடிந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாய். வரிசையின் கோடியில் ஒருவருக்குக் கால் புண்ணில் கட்டு அவிழ்ந்திருந்தது. அங்கே குந்திக்கொண்டு கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். அன்றைக்கு நான் நல்ல ஃபார்மில் இருந்தேன். ஒவ்வொரு பட்டத்துக்கும் கைதட்டல். ஜங்ஷனுக்கு அன்று புதிதாக ஓர் அடி சேர்த்திருந்தேன், "தண்டவாளமே தலை வணங்கும்" என்று ஏதோ. முழங்கினேன். நீ நிமிராமலே மூக்கால் குரல் கொடுத்தாய். நான் நிமிராமலே டிக் அடித்தேன். வார்டு சிரித்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு, ஞாயிறு என்பதால் ஆளுக்கு ஒரு முட்டை. பரிமாறி முடித்தபோது தட்டில் ஒரு முட்டை மிஞ்சியிருந்தது. நம் வார்டில் முட்டை மிஞ்சிய சரித்திரம் கிடையாது. பாவாடைதான் முதலில் பார்த்தார். "யாருக்கோ பசிக்கல போல, நான் வேணா..." என்று கையை நீட்டியவர், நம் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா ஓடி வந்தார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அதுதான் பயம்.

"கடைசியா யாரு பார்த்தது?"

நீ ஓர் அடி முன்னால் வந்தாய். "அம்மா, காலையில பேரு கூப்புடும்போது நான்..." என்று ஆரம்பித்தாய். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். நீ சொன்னால் உன் வேலை போகும். டிக் அடித்த பேனா என்னுடையது, என் வேலையும் போகும். உனக்காகத்தான் குறுக்கே விழுந்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். இப்போது கணக்கெடுத்தால் பாதிக்குப் பாதி கூடத் தேறாது.

"பத்தரைக்கு நான் பார்த்தேம்மா" என்றேன். "தண்ணித் தொட்டியாண்ட நின்னுக்கினு இருந்தாரு. மொண்டு குடுத்தேன். ரெண்டு டம்ளரு குடிச்சாரு."

என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே சின்னப் பொய் அதுதான், மச்சான். ரெண்டரை மணி நேரம், ரெண்டு டம்ளர் தண்ணீர். வீடூர் அணை உடைந்தபோது முதுகைக் கொடுத்து நிறுத்தினேன் என்று சொல்லியிருக்கிறேன், ஒரு குழந்தைகூட நம்பியதில்லை. இதை எல்லாரும் நம்பினார்கள். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். பத்தரை வரை உள்ளேதான் இருந்தார், நடக்கத் தெரியாத ஆள், தூரம் போயிருக்க மாட்டார் என்று சவுக்குத் தோப்பை, கிணற்றை, பக்கத்து மல்லாட்டைக் கொல்லையை எல்லாம் சாயங்காலம் வரை சலித்தோம். போலீசில் கொடுத்த புகாரிலும் அந்த மணிதான்.

தோப்பில் தேடும்போது என்னைத் தனியாக இழுத்தாய். "நெசமாவே பத்தரைக்குப் பார்த்தியா மாமா?"

"நெசம்தான்டா."

"அப்ப எட்டு மணிக்கு இருந்திருக்காரு." உன் முகம் இளகிய இளக்கம் இருக்கிறதே. "நான் பாக்காமயே கொரலு குடுத்துட்டேன் மாமா. செத்தே பூட்டேன்னு நெனச்சேன்" என்று சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாய்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இதற்குப் பிறகு உள்ளது தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நீ விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய்த் தேடிக்கொண்டிருந்தாய். நான் கேட்டில் இருந்தேன். காலை பத்து மணி வாக்கில் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வயசானவர், மரியாதையான மனிதர்.

"உங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆளு யாருனா காணாம பூட்டாங்களா?"

"ஒருத்தருங்க. நேத்து."

"எத்தினி மணிக்கு?"

"பத்தரை வரைக்கும் இருந்தாருங்க."

அவர் நோட்டைப் புரட்டினார். "அப்ப இது வேற ஆளு. விக்கிரவாண்டிக்கு இந்தாண்ட ட்ராக்குல நேத்து ஒண்ணு அடிபட்டுது. அது ஒம்பதே முக்காலு." டீ கொடுத்தேன். ஆற்றிக் குடித்துக்கொண்டே தானாகச் சொன்னார். "பாவம், வெள்ளையடிக்கிறவன் போல. வேலை முடிச்சிட்டு குளிக்கக்கூட இல்ல. கழுத்துலேர்ந்து கணுக்காலு வரைக்கும் வெள்ளை. லுங்கி மட்டுந்தான். கூலித் தொழிலாளின்னு எழுதிக்கினோம். மூணு நாளு வெச்சிருப்போம், யாரும் வரலன்னா பொதைச்சிடறதுதான்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு மரியாதையானவர்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை, பயப்படவும் இல்லை. மூளைக்குள் யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி இருந்தது. எழுந்து அவர் பின்னால் ஓடி, "ஐயா, பத்தரை இல்லீங்க, எட்டு மணிக்கே இல்லீங்க" என்று சொல்ல மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் கேட்டைத் திறந்தேன், மூடினேன், பேர் கூப்பிட்டேன். நாற்பத்தோரு பட்டம். புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பேர் கூப்பிட்டு முடித்தபோது, இந்நேரம் புதைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். புதைகுழியில் அவர் கூலித் தொழிலாளியாகப் படுத்துக்கொண்டார். வெள்ளையடித்தது யார் என்று அங்கே எழுதவில்லை.

உன்னிடம் சொல்ல வந்தேன், நிஜமாக வந்தேன். நீ மதிய உணவுக்குப் பையைத் திறந்துகொண்டே, "மாமா, ஒண்ணு மட்டும் நிம்மதி. பத்தரைக்கு ரெண்டு டம்ளர் குடிச்சாரு இல்ல? தாகத்தோட போகல" என்றாய். நான் எழுந்து கை கழுவப் போனேன். நான் மணியைத் திருத்தினால், நீ மூக்கால் கொடுத்த குரலும் அதோடு சேர்ந்து பொய்யாகும். எட்டு மணிக்கே தேடியிருந்தால் ஒன்பதே முக்காலுக்குள் தண்டவாளம் வரை ஆள் போயிருக்கலாம். அந்தக் கணக்கை நீயே போட்டுக்கொள்வாய். நான் மட்டும் போட்டால் போதும் என்று விட்டேன்.

ஆனால் நீ சும்மா இருக்கிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை வார லீவு வாங்கிக்கொண்டாய். பூசை முடிந்ததும் முதலில் விழுப்புரம் ஜங்ஷன், பிறகு பழைய பஸ் ஸ்டாண்டு, பிறகு திண்டிவனம் என்று ஒரு சுற்று. வேகவைத்த மல்லாட்டைக் கடலையைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, படுத்துக் கிடக்கிற ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து புருவத்தைப் பார்ப்பாய். ஆஸ்பத்திரியை மூடி, மற்ற எல்லாரையும் வேனில் ஏற்றி வேறு இடங்களுக்கு அனுப்பின பிறகும், நீ ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி ஆன பிறகும், நான் கல்யாண மண்டபத்தில் மேனேஜர் ஆன பிறகும் அது நிற்கவில்லை. பதினெட்டு வருஷம்.

நானும் உன் கூட வந்தேன், பல தடவை. வராமல் இருந்தால் சந்தேகப்படுவாயோ என்றுதான் முதலில். பிறகு பழகிவிட்டது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் போர்வையை இழுத்துப் பார்த்தபோது ஓர் ஆள் எழுந்து உட்கார்ந்து, "இன்னாய்யா, என் மூஞ்சியில ரேஷன் கார்டா ஒட்டியிருக்குது? வாரா வாரம் வந்து பாக்குற?" என்று கத்தினான். "கோச்சிக்காதப்பா, போன வாரத்துக்கு இந்த வாரம் நீ அழகாயிட்ட, அதான் அடையாளம் தெரியல" என்றேன் நான். அவன் சிரித்துவிட்டான். நீயும் சிரித்தாய். மல்லாட்டைப் பொட்டலத்தை அவன் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லாத ஆளை ஒருவன் தேடுகிறான், இல்லை என்று தெரிந்தவன் கூடவே நடக்கிறான். டவுன் பஸ்காரர்கள் நம் ரெண்டு பேரையும் சமூக சேவகர்கள் என்று நினைத்து உட்கார இடம் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

சில வாரம் நீ தனியாகப் போய்விட்டு வந்து, "மாமா, பாண்டி பஸ் நிக்கிற எடத்துல ஒருத்தரு, அதே நடை மாமா, பின்னாடியே ஓடினேன், ஜல்தியா கூட்டத்துல பூட்டாரு" என்பாய். "விட்டுத் தொலைடா" என்று ஒரு தரம் கத்தினேன். "உயிரோட இருக்காரோ இல்லியோ." நீ என்னை ஆச்சரியமாகப் பார்த்தாய். "நீ பொய்யாவாவது இருக்காருன்னு சொல்ற ஆளாச்சே மாமா. உனக்கு இன்னா ஆச்சு?" என்றாய். அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. "இருக்காருடா. எங்கியோ ராஜாவாட்டம் இருக்காரு. ரெண்டு யானை, எட்டுக் குதிரை" என்று சொல்லப் பழகினேன்.

உனக்குக் கிட்னி போய், வீட்டோடு கிடந்த கடைசி மாதம். நான் வந்தபோது பகல் பதினோரு மணி. தங்கச்சி வாசலிலேயே பொரிந்தாள். "வாங்கண்ணே. இன்னமும் அந்த ஜங்ஷன் பேச்சுதான். புள்ளைங்க எப்படி இருக்குதுங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. பேஜாருண்ணே இந்த மனுசனோட."

நீ பாதியாக வற்றியிருந்தாய். என்னைப் பார்த்ததும், "யோவ் மாமா, நாலு ஞாயித்துக்கெழமை பூட்ச்சி" என்றாய்.

அன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதே வாக்கியம் தயார் செய்திருந்தேன். அலங்காரம் இல்லாத வாக்கியம். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். "மச்சான், அன்னிக்கி நான் பத்தரைக்குப் பாக்கல." அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்தேன். ஊசி குத்திக் குத்தி வீங்கின கை.

"மாமா" என்றாய். "ரெண்டு டம்ளரு குடிச்சாரு இல்ல?"

உன் கண் என் மேலேயே இருந்தது. ஏதோ தெரிந்துகொண்டு கேட்கிறாயா, வழக்கம்போல் ஆறுதலுக்குக் கேட்கிறாயா என்று எனக்குப் புரியவில்லை. இன்றுவரை புரியவில்லை.

"ரெண்டு டம்ளரு" என்றேன். "மூணாவதும் கேட்டாரு. நான்தான், அப்புறம் குடிக்கலாம்னு சொன்னேன்."

நீ கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாய். "ஞாயித்துக்கெழமைய மட்டும் விட்டுப்புடாத மாமா. நீ போய்ப் பாரு. உனக்குத்தான் அவரு புருவம் தெரியும்."

"பூமியைப் புரட்டிப் போட்டாவது கொண்டாறேன்" என்றேன். மார்பைத் தட்டிக்கொண்டு சொன்னேன். வழக்கமாக நான் இப்படிச் சொன்னால் நீ ஒரு கேலி பேசுவாய். அன்று பேசவில்லை. நம்பினாய்.

இதை நேரில் சொல்ல எனக்குப் பதினெட்டு வருஷம் இருந்தது, மச்சான். இப்போது சொல்கிறேன். அவர் பத்தரைக்கு இல்லை. எட்டுக்கும் இல்லை. நீ குரல் கொடுத்தபோது உன் முன்னால் யாரும் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தப்பு குரலில் இல்லை, பேனாவில். போலீஸ்காரர் கேட்டுக்கு வந்தது எனக்கு மட்டும் தெரியும்.

எழுதிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று சொல்வார்கள். ஒன்றும் ஆகவில்லை. முதுகுதான் அரிக்கிறது.

ஏழு வாரமாக ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. ஒன்பது மணி பஸ் பிடித்து விழுப்புரம் போகிறேன். உன் அக்கா மல்லாட்டையை வேகவைத்துக் கட்டிக் கொடுக்கிறாள். எதற்கு என்று கேட்பதில்லை. பிளாட்பாரத்தில் கிடக்கிற ஒவ்வொருவர் பக்கத்திலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன். புருவத்தைப் பார்க்கிறேன். அவருக்கு இப்போது எழுபது இருக்கும் என்று நானே வயதை ஏற்றி, தலையை நரைக்க வைத்து, முகத்தில் சுருக்கம் போட்டு, அந்த முகத்தைத் தேடுகிறேன். இல்லை என்று தெரிந்த முகம், கிழமை தவறாமல் எனக்குள் வயதாகிக்கொண்டு போகிறது. சில சமயம் தழும்பு உள்ள புருவம் ஏதாவது தெரிந்தால் நெஞ்சு ஒரு அடி அடிக்கிறது. ஏன் அடிக்கிறது என்று தெரியவில்லை. ஏழு வாரத்தில் எனக்கு நடந்தது அது ஒன்றுதான்.

போன ஞாயிறு, நாம் எப்போதும் நிற்கிற டீக்கடையில் நின்றேன். கடைக்காரருக்கு நம்மைப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். ஒரு டீ என்றேன். அவர் ரெண்டு கிளாசை எடுத்துவிட்டார்.

"கூட வர்றவரு எங்க சார்? ரெண்டு மூணு மாசமா ஆளையே காணோம்?"

"ஒடம்பு கொஞ்சம் சரியில்ல. ரெஸ்ட்டுல இருக்காரு" என்றேன். வாய் தானாகச் சொன்னது. "அடுத்த வாரம் வந்துடுவாரு."

அவர் நம்பிவிட்டார். ஒரு கிளாசைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார்.

"வரச் சொல்லுங்க சார். சக்கரை கம்மியா, ஸ்டிராங்கா, அவருக்குப் புடிச்ச மாதிரி போட்டுத் தர்றேன். நான் கேட்டதா சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன், மச்சான்.